மோதிரத்தை நெருப்பில் போட மாட்டேன் என்று நின்றவன் எப்படி நாயகன்?

கரிசல்காடு:
‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டோல்கீனின் நாவலை இப்போதுதான் முடித்தேன். எட்டு மாதம் பிடித்தது. நடுவில் பாட்டு வரும் பக்கங்களை எல்லாம் தாண்டிப் போனேன் என்று ஒப்புக்கொள்கிறேன், திட்ட வேண்டாம்.

முடித்த கையோடு ஒரு சந்தேகம். சௌரான் என்ற தீய சக்தி செய்த மோதிரம் ஒரே ஒரு எரிமலையில்தான் அழியும். அதற்காக ஆறு மாதம் நடந்து, பட்டினி கிடந்து, கடைசியில் அந்த எரிமலையின் விளிம்பில் நின்றுகொண்டு ஃப்ரோடோ (ஹாபிட் என்ற குள்ள இனத்தவன்) அதை நெருப்பில் போட மறுக்கிறான். தனக்கே என்று சொல்லி விரலில் மாட்டிக்கொள்கிறான். அப்புறம், முன்பு அதை வைத்திருந்து தொலைத்த கோல்லம் விரலைக் கடித்து மோதிரத்தைப் பிடுங்கி, கூத்தாடி, கால் தவறி விழுகிறான். (கொல்லம் என்று எழுதினால் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கத் தோன்றுகிறது, ஆகவே கோல்லம்.) அப்படியானால் ஃப்ரோடோ தோற்றுவிட்டான், அவ்வளவுதானே? உலகத்தைக் காப்பாற்றியது ஒரு வழுக்கல். இதை ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை?

கதை முடிவு வரை எல்லாம் பேசலாம். படிக்காதவர்கள் இத்தோடு திரும்பிவிடுங்கள்.

பழம்புத்தகம்:
பேசாமல் என்ன, எழுபது வருடமாகப் பேசுகிறார்கள். மூன்றாம் பாகம் 1955 அக்டோபரில் வந்ததிலிருந்தே டோல்கீனுக்கு இந்தக் கேள்வியோடு கடிதங்கள் போயிருக்கின்றன. அவர் சளைக்காமல் பதில் எழுதியிருக்கிறார். 1963 செப்டம்பரில் எழுதிய நீண்ட கடிதம் ஒன்றின் வரைவு அச்சாகியிருக்கிறது. அதில் அவரே ஒத்துக்கொள்கிறார்: ஆமாம், ஃப்ரோடோ தோற்றான். ஆனால் அது ஒழுக்கத் தோல்வி இல்லை. அந்த இடத்தில், அத்தனை நாள் சுமந்த பிறகு, அந்த மோதிரத்தின் அழுத்தத்தை எதிர்த்து நிற்க யாராலும் முடிந்திருக்காது. முதுகெலும்பு நொறுங்கும் பாரத்தை ஒருவன் தலையில் ஏற்றிவிட்டு, அவன் விழுந்ததும் கோழை என்று சொல்வோமா?

இன்னொன்று. இந்த முடிவை அவர் கடைசியில் ஒளித்து வைக்கவில்லை. முதல் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பிப் பாருங்கள். ஹாபிட்டுகளின் ஊரான ஷயரில், ஃப்ரோடோவின் சொந்த வீட்டில், சாதாரண அடுப்பு நெருப்பு. மோதிரத்தை எறிந்துவிட வேண்டும் என்றுதான் பையிலிருந்து எடுக்கிறான். கையில் வைத்துப் பார்க்கிறான், எவ்வளவு அழகு என்று நினைக்கிறான், கடைசியில் பார்த்தால் அது மறுபடி பைக்குள் இருக்கிறது. அந்த நெருப்பால் அதை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தும் அவனால் முடியவில்லை. மந்திரவாதி காண்டால்ஃப் அதைச் சுட்டிக்காட்டவும் செய்கிறார். வீட்டு அடுப்பில் போட முடியாதவன் எரிமலையில் எப்படிப் போடுவான்? அங்கேயே விடை இருக்கிறது, நாம்தான் படிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

கரிசல்காடு:
அய்யோ, அந்த அடுப்பு இடம் ஞாபகமே இல்லை. பாட்டு என்று நினைத்துத் தாண்டியிருப்பேன் போல.

நடுநிசி:
நான் கரிசல்காடு பக்கம். ஃப்ரோடோவை மன்னித்துவிடலாம், ஆசிரியரை மன்னிக்க முடியாது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் கட்டிய கதையை வாழைப்பழத் தோலில் வழுக்கி முடித்தால் எப்படி? நாளைக்கு நான் ஒரு கதை எழுதி, வில்லன் மாடிப்படியில் தடுக்கி விழுந்து செத்தான் என்று முடித்தால் இதே இழையில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவீர்கள்.

படத்தில் இதைச் சரிசெய்திருக்கிறார்கள் என்பதே என் கட்சி. அங்கே ஃப்ரோடோ மறுபடி கோல்லத்தோடு மல்லுக்கட்டுகிறான், இருவரும் விளிம்பில் சரிகிறார்கள். குறைந்தபட்சம் அதில் ஒரு மனிதச் செயல் இருக்கிறது.

பழம்புத்தகம்:
மனிதச் செயல் சரி, எதற்காக? படத்தில் அவன் பாய்வது மோதிரத்தைத் திரும்பப் பிடுங்கத்தான், அழிக்க இல்லை. ஆசை ஆசையோடு மோதியதில் மோதிரம் விழுந்தது. அதுவும் ஒரு முடிவுதான், மோசமில்லை. ஆனால் நாவலில் நடப்பது வேறு. அதை வழுக்கல் என்று சொன்னால் பாதிக் கதையைப் படிக்கவில்லை என்று அர்த்தம். இரவு வந்து எழுதுகிறேன், இப்போது வேலை.

பெட்டிக்கடை:
எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். எனக்கு ஒரே கேள்வி. அந்தக் கழுகுகள்

மட்டுறுத்துநர்:
ராட்சதக் கழுகுகளில் பறந்துபோய் மோதிரத்தைப் போட்டிருக்கலாமே என்ற கேள்விக்குத் தனி இழை இருக்கிறது, 43 பக்கம் ஓடிவிட்டது. சுருக்கமாக: கழுகுகள் யாருக்கும் வேலைக்காரர்கள் இல்லை, பயணமே ரகசியத்தை நம்பிப் போவது, வானத்தில் வந்தால் சௌரானின் கண்ணுக்கு முதலில் படுவதே அதுதான். திருப்தி இல்லாதவர்கள் அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

பெட்டிக்கடை:
சரி சரி. அப்படியானால் வேறு கேள்வி. ஏன் கடலில் போடவில்லை? ஆழ்கடலில் வீசியிருந்தால் யார் போய் எடுக்கப் போகிறார்கள்? எரிமலை வரை நடக்க வேண்டிய அவசியமே இல்லையே.

வரைபடப் பைத்தியம்:
மோதிரத்தை என்ன செய்வது என்று பேச எல்ராண்டின் (எல்ஃப் என்ற சாகா இனத்தின் தலைவர்களில் ஒருவர்) சபை கூடுகிறதே, அங்கே இதே யோசனை வருகிறது. க்ளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் கேட்கிறார். காண்டால்ஃப் மறுக்கிறார்: ஆழத்திலும் என்னென்னவோ வாழ்கின்றன, கடலும் கரையும் என்றைக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை, நம் காலத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது என்கிறார். காட்டில் வாழும் விசித்திர ஆள் டாம் பாம்படிலிடம் கொடுக்கலாமா என்றும் பேச்சு வருகிறது. கொடுத்தால் அவர் மறந்துபோய் எங்காவது போட்டுவிடுவார் என்று அதையும் விடுகிறார்கள். எனக்கு அந்தச் சபையில் பிடித்த இடமே இதுதான். உலகத்திலேயே மோதிரம் ஒன்றும் செய்ய முடியாத ஒரே ஆள், ஆனால் பத்திரமாக வைக்கத் துப்பில்லாத ஆள்.

உப்புக்காற்று:
கடலில் போடுவது பற்றிக் கேட்டதும் எனக்கு மௌசல பர்வம்தான் ஞாபகம் வந்தது. வியாச பாரதத்தின் 16-ஆவது பர்வம். வில்லிபாரதம் போரோடு நின்றுவிடுவதால் அதில் இந்தக் கதை கிடையாது, அதனால் நம்மில் பலருக்குக் காதில் விழாமலே போயிருக்கும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துவாரகைக்கு முனிவர்கள் வருகிறார்கள். யாதவப் பையன்கள் குறும்புக்குச் கண்ணனின் மகன் சாம்பனுக்குப் பெண் வேடம் போட்டு, இவளுக்கு என்ன குழந்தை பிறக்கும் என்று கேட்கிறார்கள். கோபத்தில் சாபம் விழுகிறது: ஒரு இரும்பு உலக்கை பிறக்கும், அது உங்கள் குலத்தையே அழிக்கும். மறுநாள் உலக்கை பிறந்தும் விடுகிறது. அரசன் பயந்துபோய் அதை நன்றாகப் பொடித்துக் கடலில் போடச் சொல்கிறான். ஆபத்தான பொருள், அழிக்கும் முயற்சி, கடல். பெட்டிக்கடை சொன்ன யோசனையேதான்.

நடந்தது என்ன? பிரபாச தீர்த்தத்துக்கு எல்லாரும் போகிறார்கள், குடிக்கிறார்கள், பழைய பகை கிளம்புகிறது, கரையில் வளர்ந்த ஏரகைப் புல்லைப் பிடுங்கி அடிக்கிறார்கள். பிடுங்கிய புல் கையில் இரும்பாக மாறுகிறது. பாகவதம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது: கடலில் கரைத்த பொடியை அலை கரைக்கு அடித்துவந்து, அது முளைத்ததுதான் அந்தப் புல். பொடியாகாமல் மிஞ்சிய ஒரு துண்டை மீன் விழுங்கி, அந்த மீன் வலையில் சிக்கி, வயிற்றிலிருந்த இரும்பு ஜரா என்ற வேடனின் அம்பு முனையாகிறது. கண்ணனின் காலில் பாய்வது அதுதான்.

காண்டால்ஃப் துவாரகைக்கு வந்திருந்தால் கடலில் போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

பெட்டிக்கடை:
அக்கா, வாயை மூடிக்கொண்டேன். மீன் வயிற்றில் இருந்தது வரைக்கும் திரும்பி வந்திருக்கிறதே!

வரைபடப் பைத்தியம்:
மோதிரமும் ஆற்றில் கிடந்து வந்ததுதானே. சௌரானிடமிருந்து மோதிரத்தை எடுத்த அரசன் இசில்டூர் ஆண்டுயின் ஆற்றில் நீந்தும்போது விரலிலிருந்து நழுவுகிறது, அம்பு பட்டுச் சாகிறான். அது மூன்றாம் யுகம் (கதை உலகத்தின் காலக் கணக்கு) 2-ஆம் ஆண்டு. இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு மேல் ஆற்றுச் சேற்றில் கிடக்கிறது. ஸ்மீகோலின் (கோல்லத்தின் பழைய பெயர்) நண்பன் டீகோல் தூண்டில் போடும்போது பெரிய மீன் ஒன்று அவனைத் தண்ணீருக்குள் இழுத்துவிடுகிறது, அடியில் கை வைத்தால் மோதிரம். இங்கும் மீன்தான்! அன்றைக்கு ஸ்மீகோலின் பிறந்தநாள். பரிசாகக் கொடு என்கிறான், கொடுக்கவில்லை, கழுத்தை நெரித்துக் கொல்கிறான்.

தலைமாணாக்கன்:
உப்புக்காற்று சொன்ன ஒப்புமை அழகு, ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியே ஆகவேண்டும். உலக்கைக்குச் சொந்த மனம் இல்லை. அது சாபத்தின் கருவி, எப்படியும் நடந்தே தீரும். பொடித்தாலும் பொடிக்காவிட்டாலும் யாதவர்கள் அழிவார்கள். மோதிரம் அப்படி அல்ல. அது தன்னைச் செய்தவனிடம் திரும்பத் துடிக்கிற பொருள். ஒருவரை விட்டுவிடும், இன்னொருவரைப் பிடிக்கும். அதை அழிக்கவும் வழி உண்டு, ஒரே ஒரு இடத்தில். விதிக்கு விலக்கில்லாத கதை அது. விலக்கு ஒன்று இருந்தும் மனித மனத்தால் அதை எட்ட முடியாத கதை இது. எது கொடுமை என்று கேட்டால் எனக்கு இரண்டாவதுதான்.

உப்புக்காற்று:
ஐயா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாபம் விழுந்த பிறகும் துவாரகையில் மதுவைத் தடைசெய்து பார்க்கிறார்கள், உலக்கையைப் பொடித்துப் பார்க்கிறார்கள். மனிதர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அந்தப் பதைப்பு எனக்கு எல்ராண்டின் சபையில் கேட்டது.

பழம்புத்தகம்:
சொன்னபடி வந்துவிட்டேன். நடுநிசி, வாழைப்பழத் தோல் விஷயத்துக்கு வருவோம்.

கோல்லம் தானாக விழவில்லை. விழுவதற்கு மூன்று முறை கதையில் அடி போட்டிருக்கிறது.

முதலாவது, எமின் முயில் பாறைகளில் ஃப்ரோடோவிடம் பிடிபடும்போது அவன் சத்தியம் செய்கிறான். மோதிரத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன் என்று கெஞ்சுகிறான். மேல் வேண்டாம், அதன் பெயரால் செய் என்கிறான் ஃப்ரோடோ. எச்சரிக்கவும் செய்கிறான்: அது உன்னைச் சத்தியத்தில் கட்டிப்போடும், ஆனால் அது உன்னைவிடத் துரோகி, உன் வார்த்தையையே திருப்பிவிடும்.

இரண்டாவது, சௌரானின் நாடான மோர்டோரின் கருங்கதவுக்கு முன்னால். நான் இதை அணிந்து உனக்குக் கட்டளையிட்டால் நெருப்பில் குதி என்றாலும் நீ குதிப்பாய் என்று நேருக்கு நேர் சொல்கிறான். மென்மையான ஃப்ரோடோவா பேசுவது என்று கூடவே வரும் தோழன் சாமே அசந்துபோகிறான்.

மூன்றாவது, எரிமலைச் சரிவில். கோல்லம் பாய்ந்து விழுகிறான், ஃப்ரோடோ தள்ளிவிட்டு எழுகிறான். அப்போது சாமின் கண்ணுக்கு வேறு காட்சி தெரிகிறது: வெள்ளை உருவம், அதன் மார்பில் நெருப்புச் சக்கரம், நெருப்புக்குள்ளிருந்து ஒரு குரல். இன்னொரு முறை என்னைத் தொட்டால் நீயே நெருப்பில் வீசப்படுவாய் என்கிறது. அடுத்த சில பக்கங்களில் கோல்லம் தொடுகிறான், விழுகிறான்.

நம் ஊரில் சொல்வோமே, சத்தியம் சும்மா விடாது என்று. அவ்வளவுதான். மோதிரத்தின் பெயரால் செய்த சத்தியத்தை மீறினான், மோதிரத்தின் பலத்தோடு சொன்ன வாக்கு பலித்தது. யாராலும் அழிக்க முடியாத பொருள் தன் சொந்தச் சக்தியாலேயே அழிகிறது. இதைத் தற்செயல் என்றால் எதைத்தான் கட்டுமானம் என்பது?

நடுநிசி:
ம்ம். கருங்கதவு இடம் உண்மையிலேயே மறந்துவிட்டது. பாதி ஒப்புக்கொள்கிறேன்.

மீதிப் பாதி: அந்த வாக்கு பலித்ததால் விழுந்தான் என்று ஆசிரியர் எங்குமே வெளிப்படையாகச் சொல்லவில்லை. மோதிரத்தைத் தூக்கிப் பார்த்து ஆடினான், ஒரு அடி அதிகமாக வைத்தான், விழுந்தான். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. மிச்சம் நீங்கள் கட்டுவது.

தலைமாணாக்கன்:
சொல்லாமல் விட்டதுதான் அவர் திறமை, நடுநிசி. சபித்தான், விழுந்தான் என்று எழுதினால் அது மந்திரக் கதை. தவறி விழுந்தான் என்று மட்டும் எழுதிவிட்டு மூன்று இடத்தில் விதையைத் தூவி வைத்தால் படிப்பவன் தூக்கம் கெடும்.

அவரே ஒரு கடிதத்தில், 1956 ஜூலையில், வேறு விதமாகவும் சொல்லியிருக்கிறார். ஃப்ரோடோ தன்னால் முடிந்ததெல்லாம் செய்து ஓய்ந்த இடத்தில் இன்னொரு சக்தி பொறுப்பை ஏற்றது என்கிறார். கதையை எழுதுபவர் என்கிறார் அந்தச் சக்தியை. தன்னைச் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். பக்தியுள்ள கத்தோலிக்கர். ஆக, வாக்கு பலித்தது, கடவுள் கை கொடுத்தார், வழுக்கினான். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க இடம் விட்டிருக்கிறார்.

வரைபடப் பைத்தியம்:
கத்தோலிக்கர் என்றதும் தேதி விவகாரம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மோதிரம் அழிந்தது மார்ச் 25, மூன்றாம் யுகம் 3019. மரியாளுக்குத் தேவதூதர் செய்தி சொன்ன திருநாள் மார்ச் 25. இயேசு சிலுவையில் அறையப்பட்டதும் அதே தேதி என்பது பழைய மரபு. அவர்கள் எல்ராண்டின் ஊரான ரிவெண்டெல்லிலிருந்து கிளம்பியது டிசம்பர் 25. ஷயர் நாட்காட்டியில் எல்லா மாதத்துக்கும் 30 நாள், ஆண்டு மாறும் இடத்தில் யூல் நாட்கள் இரண்டு. கூட்டிப் பார்த்தேன், கிளம்பிய நாளிலிருந்து 92-ஆவது நாள் மோதிரம் அழிகிறது. 92 நாளில் அவ்வளவு தூரம் நடப்பதெல்லாம்… நான் காலையில் பால் வாங்கப் போவதற்கே வண்டி எடுப்பவன்.

பெட்டிக்கடை:
எல்லாம் சரி, ‘ப்ரெஷியஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? கோல்லம் மோதிரத்தை அப்படித்தான் கொஞ்சிக்கொண்டே இருக்கிறானே. என் பொக்கிஷம்? கேட்கவே அசலாக இல்லை.

உப்புக்காற்று:
பொக்கிஷம் என்பது பூட்டி வைத்தவன் சொல்வது, கொஞ்சுபவன் சொல்வது இல்லை. ‘தங்கம்’ என்று வையுங்கள். ‘என் தங்கம்… எங்கே போனே தங்கம்…’ அம்மா குழந்தையைக் கொஞ்சும் சொல், காதலி சொல், நகை சொல் எல்லாம் ஒன்றில். மோதிரமும் தங்கம்தானே. இந்த ஒரு சொல்லில் மட்டும் தமிழுக்கு மூலத்தைவிட வசதி அதிகம்.

கரிசல்காடு:
‘என் தங்கம்’ என்று ஒரு தடவை அந்தக் குரலில் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நடுநிசி:
தங்கத்துக்கு என் ஓட்டு.

பழைய விஷயத்துக்கு வருகிறேன். வாக்கு பலித்தது என்பதை ஏற்றுக்கொண்டாலும் கரிசல்காட்டின் கேள்வி அப்படியே நிற்கிறது. அப்போது ஃப்ரோடோவின் சாதனை என்ன? சுமை தூக்கிக் கொண்டுவந்து கொடுத்ததா?

உப்புக்காற்று:
கோல்லத்தை உயிரோடு விட்டது.

எண்ணிப் பாருங்கள். 2941-இல் குகை வாசலில் பில்போவின் (ஃப்ரோடோவுக்கு முன் மோதிரத்தை வைத்திருந்த ஹாபிட்) கையில் வாள், மோதிரம் அணிந்திருப்பதால் உடலோ கண்ணுக்குத் தெரியாது. ஒரே குத்தில் முடித்திருக்கலாம், தாண்டிக் குதித்துப் போகிறார். பின்னால் அரகோர்ன் என்ற வீரர் அவனைப் பிடிக்கிறார், கொல்லவில்லை. காட்டு எல்ஃபுகளிடம் ஒப்படைக்கிறார்கள், அவர்கள் பாவம் பார்த்து வெளியே மரம் ஏற விடுகிறார்கள், அதனால்தான் தப்புகிறான். எமின் முயிலில் ஃப்ரோடோவின் வாள் முனையில் நிற்கிறான். ஃபாராமிர் என்ற படைத்தலைவனின் வில்லாளிகள் குறிவைத்து நிற்கும்போது ஃப்ரோடோ போய்க் கெஞ்சுகிறான். கடைசியாக எரிமலைச் சரிவில் சாம். சாமுக்கு அவனைக் கொல்ல அத்தனை காரணமும் இருந்தது. ஆனால் சிறிது நேரம் சாமும் மோதிரத்தைச் சுமந்திருந்தான், அதனால் அந்தக் கேவலமான பிறவி என்ன பாடு பட்டிருக்கும் என்று அவனுக்கு மங்கலாகப் புரிகிறது. கை எழவில்லை.

இதில் யாராவது ஒருத்தர் நியாயமாக நடந்து அவனைக் கொன்றிருந்தால் அந்த விளிம்பில் ஃப்ரோடோ புது மோதிர அரசனாகி இருப்பான், சில நிமிடத்தில் சௌரானின் ஆட்கள் வந்து பிடுங்கியிருப்பார்கள், கதை முடிந்தது. வேடிக்கை என்னவென்றால் சௌரானும் அவனை மோர்டோரிலிருந்து வெளியே விட்டவன்தான், ஆனால் அது வேறு கணக்கு.

பழம்புத்தகம்:
அந்த முதல் இரக்கம் எப்படி வந்தது என்பது தனிக் கதை. பில்போவின் கதையைச் சொல்லும் முந்தைய நாவல் ‘தி ஹாபிட்’, 1937-இல் வந்த அதன் முதல் பதிப்பில் இதெல்லாம் கிடையாது. கோல்லத்தோடு நடக்கும் விடுகதைப் போட்டியில் பில்போ ஜெயித்தால் மோதிரம் பரிசு என்பதே பந்தயம். கோல்லம் தேடிப் பார்க்கிறான், கிடைக்கவில்லை, மன்னிப்புக் கேட்டு வழி காட்டி அனுப்புகிறான்! நல்ல பிள்ளை. மோதிரத்துக்கு இப்படிப்பட்ட கதை வரும் என்று டோல்கீனுக்கே அப்போது தெரியாது. அப்புறம் பெரிய நாவலை எழுதும்போது பொருந்தவில்லை. அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார், 1951-இல் இரண்டாம் பதிப்பில் வந்தது. வாளோடு வாசலில் நிற்கும் இடமும் திடீர் இரக்கமும் அப்போதுதான் உள்ளே வந்தன.

பழைய பதிப்பை என்ன செய்வது? அதுதான் பில்போ எல்லாரிடமும் சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே வைத்துவிட்டார். மோதிரம் வந்த முதல் நாளிலேயே நேர்மையான ஆளைப் பொய் சொல்ல வைத்தது என்று அதையே சாட்சியாகவும் ஆக்கிக்கொண்டார். தன் பழைய பிழையை இவ்வளவு லாபமாக விற்ற எழுத்தாளர் குறைவு.

கரிசல்காடு:
இது தெரியவே தெரியாது. என் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகிவிட்டது போல.

தலைமாணாக்கன்:
இல்லை தம்பி. நல்ல கேள்வி. அதே 1963 கடிதத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். மோர்டோருக்குப் போகும் வழியில், சிரித் உங்கோல் படிக்கட்டில் ஃப்ரோடோவும் சாமும் தூங்குகிறார்கள். கோல்லம் ஷெலாப் என்ற ராட்சதச் சிலந்தியிடம் அவர்களைக் காட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பி வருகிறான். இருவரையும் பார்க்கிறான். கண்ணிலிருந்த பச்சை வெளிச்சம் அணைகிறது. நடுங்கும் கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான், கிட்டத்தட்ட தடவுவது போல. அந்த நிமிடத்தில் அவன் காலம் கடந்து வாழ்ந்து களைத்த ஒரு கிழ ஹாபிட். ஃப்ரோடோ தூக்கத்தில் முனகுகிறான், சாம் விழித்து, ‘என்ன செய்கிறாய்?’ என்று அதட்டுகிறான். முடிந்தது. பச்சை திரும்பி வந்துவிடுகிறது. சாம் அப்புறம் மன்னிப்புக் கேட்கிறான், பயனில்லை.

சாம் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் கோல்லம் திருந்தியிருக்கலாம் என்கிறார் டோல்கீன். திருந்தினாலும் மோதிர ஆசை போயிருக்காது. ஃப்ரோடோவிடமிருந்து எடுத்திருப்பான், ஆனால் எடுத்த பிறகு ஃப்ரோடோவுக்காகத் தானே விரும்பி நெருப்பில் குதித்திருப்பான். நான் நாற்பது வருடம் வகுப்பில் நின்றவன். தூங்கி எழுந்த எரிச்சலில் எத்தனை பையன்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன் என்று அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கணக்குப் பார்ப்பேன்.

சும்மா ஒருவன்:
பல நாளாக வாசித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்று எழுதுகிறேன். நான் குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது.

நீங்கள் எல்லாரும் எரிமலையோடு நிறுத்திவிடுகிறீர்கள். அதற்கு அடுத்த வருடம் மார்ச் 13-ஐப் பாருங்கள். ஷெலாப் கடித்த அதே நாள். ஊர் திரும்பியாயிற்று, ஷயரைச் சரிசெய்தாயிற்று, எல்லாம் நன்றாக இருக்கிறது. ஃப்ரோடோ படுக்கையில் கிடக்கிறான், கழுத்தில் தொங்கும் வெள்ளைக் கல்லை இறுகப் பிடித்திருக்கிறான், பாதி மயக்கத்தில் சொல்கிறான்: அது போய்விட்டது, ஒரேயடியாகப் போய்விட்டது, எல்லாம் இருட்டாகவும் வெறுமையாகவும் இருக்கிறது. தன்னை அழித்த பொருளுக்காக ஏங்குகிறான். வெளியில் யாரிடமும் சொல்வதில்லை. சாமிடம்கூட.

விட்டவனுக்கு மாலை மரியாதை கிடைக்கும் என்று எல்லாக் கதையிலும் வரும். விட்ட பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காரணமில்லாமல் வருகிற வெறுமையை எழுதியவரை நான் வேறு எங்கும் வாசித்ததில்லை. தோற்றானா ஜெயித்தானா என்ற விவாதமே எனக்கு அந்நியமாகத் தெரிகிறது. அவன் தானாகப் போடவில்லை. நானும் தானாக விடவில்லை. என் கையிலிருந்து பிடுங்கினார்கள். விரல் போகவில்லை, அவ்வளவுதான்.

நடுநிசி:
அண்ணே, நன்றி. இதற்கு மேல் வாழைப்பழத் தோல் பற்றி நான் பேசப்போவதில்லை.

வரைபடப் பைத்தியம்:
நானும் ஒன்று மட்டும். அக்டோபர் 6-உம் அப்படித்தான், வெதர்டாப் குன்றில் கத்திக் காயம் பட்ட நாள். வருடம் திரும்பினால் வலி திரும்புகிறது. 3021 செப்டம்பர் 29 அன்று கப்பலேறிப் போகிறான். ஷயர் காப்பாற்றப்பட்டது, எனக்காக இல்லை என்று சாமிடம் சொல்லிவிட்டுத்தான்.

கரிசல்காடு:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். அடுப்பு அத்தியாயம், படிக்கட்டு இரண்டையும் திரும்பப் படித்தேன். ஃப்ரோடோ விளிம்பில் சொல்வதை இந்த முறை நிறுத்தி நிதானமாகப் பார்த்தேன். ‘முடியவில்லை’ என்று சொல்லவில்லை அவன். ‘செய்யாமலிருக்க முடிவெடுத்தேன்’ என்றும் சொல்லவில்லை. செய்ய வந்ததைச் செய்ய இப்போது நான் தேர்ந்தெடுக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வளைந்த வாக்கியம். தேர்ந்தெடுக்கும் உறுப்பே உள்ளே கழன்றுவிட்டது போல. சும்மா ஒருவன் அண்ணன் எழுதியதற்குப் பிறகு அந்த வாக்கியத்தை வேறு மாதிரிப் படிக்க முடியவில்லை.

என் மகளுக்கு இரவில் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒன்பது வயது. நேற்று எமின் முயில் வரை வந்தோம். கோல்லத்தைக் கயிறு போட்டுக் கட்டிய இடத்தில் நிறுத்தி, ‘அவனுக்குப் பசிக்கும்ல, யாராவது சாப்பிட ஏதாவது குடுத்தாங்களா?’ என்று கேட்டாள்.

பழம்புத்தகம்:
கொடுத்தார்கள். எல்ஃபுகளின் ரொட்டியான லெம்பாஸில் ஒரு துண்டு. வாயில் வைத்ததும் தூசி, சாம்பல் என்று துப்பிவிட்டான்.

கரிசல்காடு:
சொன்னேன். ‘மீன் குடுத்திருக்கணும்’ என்கிறாள்.